சேப்பாக்கம் அரண்மனை: கடன் பத்திரத்தில் எழுந்த கடற்கரை மாளிகை... திருச்சுழி சீமை வரை நீண்ட நவாபின் கதை!

சேப்பாக்கம் என்றதும் சட்டென ஞாபகத்துக்கு வருவது கிரிக்கெட் மைதானம்தான். சி.எஸ்.கே. மேட்ச் நாளில் வாலாஜா சாலையில் மஞ்சள் ஜெர்ஸிகள் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் நிற்பது ஒரு நவாபின் பெயரைத் தாங்கிய சாலை என்றும், மைதானம் இருக்கும் இடமே ஒருகாலத்தில் அவருடைய அரண்மனைத் தோட்டம் என்றும்?

மைதானத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பும் வெள்ளையுமாகக் குவிமாடங்கள், வளைவுகள், நடுவில் உயர்ந்த ஒரு கோபுரம். அதுதான் சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ஐ ஒட்டிக் குடிவந்த கடற்கரை மாளிகை.

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ இருந்து சென்னைக்கு வருகிறவர்கள் மெரினாவைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். அப்படி வரும்போது ரோட்டைக் கடந்து இந்தக் கட்டடத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காரணம் இருக்கிறது. இந்த மாளிகையில் வாழ்ந்தவர் வாங்கிய கடனுக்கான கணக்கில், 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த வானம் பார்த்த பூமியும் சேர்ந்திருந்தது.

டெல்லியில் பிறந்து திருச்சிக்கு ஓடியவர்

முகமது அலி பிறந்தது 1717-ல், டெல்லியில். அப்பா அன்வருதீன் கான், ஐதராபாத் நிஜாமால் ஆற்காட்டுக்கு அனுப்பப்பட்டு நவாப் ஆனவர். ஆற்காடு நவாப் என்றால் ஏதோ ஆற்காட்டுக்கு மட்டும் ராஜா என்று நினைத்துவிடக் கூடாது. நெல்லூரில் இருந்து திருநெல்வேலி வரை, கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட பகுதி முழுக்க வரி வசூலிக்கும் உரிமை அந்தப் பதவிக்கு உண்டு. காகிதத்தில் அப்படித்தான். தெற்கே போகப் போக, பாளையக்காரர்களும் சேதுபதிகளும் தங்கள் சீமைகளைத் தாங்களே ஆண்டார்கள். கப்பம் கேட்டு யாராவது படையோடு வந்தால் கொடுப்பார்கள், வராவிட்டால் இல்லை.

1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆம்பூர் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். பதவிக்குப் போட்டியாக வந்தவர் சந்தா சாகிப். அவருக்குப் பின்னால் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள். முகமது அலியின் அண்ணன் மஹ்பூஸ் கான் பிடிபட்டார். முகமது அலி உயிர் தப்பித் திருச்சிக் கோட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

கையில் பெரிய படை கிடையாது, கஜானா கிடையாது. எதிரி கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டான். அந்த நேரத்தில் அவர் செய்த வேலை ஒன்றுதான், வாக்குறுதி கொடுப்பது. மைசூர் உதவிக்கு வந்தால் திருச்சியையே தருவதாகச் சொன்னார். மைசூர் படை வந்தது. வேலை முடிந்ததும் திருச்சியைத் தரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி உதவினால் போர்ச் செலவை ஏற்பதாகவும் சொன்னார். மைசூரை ஏமாற்ற முடிந்தது, கம்பெனியை முடியவில்லை. அங்கே எல்லாமே கணக்குப் புத்தகத்தில் ஏறியது.

1751-ல் ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு போய் ஆற்காட்டைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தது பள்ளிப் பாடத்திலேயே வரும். திருச்சி மீதிருந்த அழுத்தம் குறைந்தது. அடுத்த ஆண்டே சந்தா சாகிப் தஞ்சாவூர் படையிடம் சரணடைந்து கொல்லப்பட்டார். 1760-ல் வந்தவாசிப் போர், 1761-ல் பாண்டிச்சேரி வீழ்ச்சி, 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை. முகமது அலிதான் நவாப் என்பது ஐரோப்பிய அரசுகளே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட விஷயமாகிவிட்டது. 1765-ல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம், நிஜாமுக்குக் கட்டுப்படாத தனி நவாபாக அவரை அங்கீகரித்தார். வாலாஜா என்ற பட்டமும் முகலாய தர்பார் கொடுத்ததுதான்.

ஜெயித்தாகிவிட்டது. இனி பில் வர வேண்டியதுதான் பாக்கி.

கோட்டைக்குப் பக்கத்தில் ஏன் குடிவந்தார்?

பில் வந்தது. பாண்டிச்சேரியை முற்றுகையிட்ட செலவு உட்பட நவாப் தலையில்தான் எழுதப்பட்டது. பாக்கிக்கு ஈடாகச் செங்கல்பட்டு சுற்றுவட்டாரமே கம்பெனிக்கு ஜாகிர் ஆகப் போனது. இவ்வளவு நடந்த பிறகும் நவாப் ஆற்காட்டில் தங்க விரும்பவில்லை. பாதுகாப்பு கம்பெனியின் பீரங்கிக்குப் பக்கத்தில்தான் என்று முடிவு செய்தார். முதலில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே ஒரு மாளிகை கட்டிக்கொள்ளப் பேச்சு நடந்தது, அது கைகூடவில்லை. கோட்டைக்குத் தெற்கே, கூவம் ஆற்றைத் தாண்டியதும் இருந்த சேப்பாக்கத்தில் இடம் வாங்கினார்.

அரண்மனை வளாகம் 117 ஏக்கர். வடக்கே கூவம், தெற்கே பைகிராப்ட்ஸ் சாலை, மேற்கே பெல்ஸ் சாலை, கிழக்கே கடல். இன்று அங்கே நின்று பார்த்தால் கடல் ரொம்ப தூரம் போலத் தெரியும். அன்று அப்படி இல்லை. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மணல் சேர்ந்து சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. நவாபின் காலத்தில் அலை இப்போதைவிட அரண்மனைக்கு வெகு அருகே வந்துபோனது.

உள்ளே இரண்டு முக்கியக் கட்டடங்கள். இரண்டு அடுக்குள்ள கலச மகால், நவாப் வசித்தது. ஹுமாயூன் மகால், தர்பார் நடந்தது. இஸ்லாமியக் குவிமாடம், இந்து பாணி வேலைப்பாடு, ஐரோப்பியக் கட்டுமானம் எல்லாம் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியின் முதல் கட்டடங்களில் இது ஒன்று என்று கட்டடக்கலை படிப்பவர்கள் சொல்வார்கள். இதைக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் தகவல்.

இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் இரண்டாவது ஹீரோ இவர்தான். வில்லன் என்றும் சொல்லலாம்.

கட்டடம் கட்டியவரே கடன் கொடுத்தவர்

பென்ஃபீல்டு 1764-ல் கம்பெனியின் கட்டுமான வேலைக்காக மதராஸ் வந்தவர். கோட்டைச் சுவர் கான்ட்ராக்ட் எடுத்தார். சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டுகள். ஆனால் 1776-ல் அவர் வைத்த கோரிக்கை என்ன தெரியுமா? தஞ்சாவூர் வருவாயின் மீது நவாப் எழுதிக் கொடுத்த பத்திரங்கள் 1,62,000 பவுண்டு, வயலில் நிற்கும் பயிரின் மீது தனி ஆட்களுக்குக் கொடுத்த கடன் 72,000 பவுண்டு. மொத்தம் இரண்டேகால் லட்சம் பவுண்டுக்கு மேல் தனக்கு வர வேண்டும் என்றார். சில நூறு பவுண்டு சம்பளக்காரருக்கு!

இது எப்படி நடந்தது? கம்பெனி என்ற நிறுவனத்துக்கு நவாப் தர வேண்டிய பாக்கி ஒரு கணக்கு. அந்தப் பாக்கியைக் கட்ட அதே கம்பெனியின் ஊழியர்களிடமே அவர் தனித்தனியாகக் கைமாத்து வாங்கினார், இது இன்னொரு கணக்கு. வட்டி ஆரம்பத்தில் 36 சதவீதம் வரை போனது. பிறகு 25, 20 என்று இறங்கி, கம்பெனி நிர்வாகம் தலையிட்டு 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. கடனுக்கு ஈடாக நவாப் கொடுத்தது நகையோ நிலமோ அல்ல. இந்தச் சீமையின் இத்தனை வருஷ வரியை நீயே வசூலித்துக்கொள் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. தன்கா என்று அதற்குப் பெயர்.

சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு மழை பெய்ததா, கண்மாய் நிரம்பியதா என்ற கவலை கிடையாது. தவணை வந்தாக வேண்டும். இன்றைக்குக் கந்துவட்டிக்காரர் சம்பள நாளில் ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியாத சமாச்சாரம் இல்லை. இங்கே அடகு வைக்கப்பட்டது ஊர் ஊரான விளைச்சல், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடன் கொடுத்தவர்களுக்கும் இதில் ஒரு சிக்கல். நவாபுக்குப் புதிய சீமை கிடைத்தால்தான் புதிய தன்கா எழுத முடியும். அதனால் நவாப் யார் மீதாவது படையெடுக்க வேண்டும் என்றால், மதராஸ் கவுன்சிலில் உட்கார்ந்திருந்த கடன்காரர்களே கம்பெனிப் படையை அனுப்பக் கை தூக்கினார்கள். படைச் செலவு? அதுவும் நவாப் கணக்கில்.

மதுரையில் முதல் பாடம்

இந்த ஏற்பாடு தெற்கே எப்படி வேலை செய்தது என்பதற்கு மதுரை ஓர் உதாரணம். மருதநாயகம் என்று அறியப்படும் யூசுப் கான், நவாபுக்காகவும் கம்பெனிக்காகவும் போரிட்ட சிப்பாய்த் தளபதி. மதுரை, திருநெல்வேலி வரி வசூல் அவரிடம் குத்தகையாகப் போனது. வசூல் ஒழுங்காக நடந்தது, செல்வாக்கும் வளர்ந்தது. அதுதான் நவாபுக்குப் பிடிக்கவில்லை. உரசல் முற்றிப் போராக மாறியது. மாதக்கணக்கில் மதுரை முற்றுகை. கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15-ம் தேதி மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

மதுரை நவாப் கைக்கு வந்துவிட்டது. அடுத்து கிழக்கே ராமநாதபுரம் சீமை.

1772: சேதுபதி சீமையில் என்ன நடந்தது?

இன்றைக்கு அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டம். 1985-ல் மாவட்டம் பிரியும் வரை ராமநாதபுரம் மாவட்டம். அதற்கும் முன்னால் சேதுபதி சீமையின் மேற்குப் பகுதி. குண்டாறு ஓடும் ஊர் திருச்சுழி. ஓடும் என்பது ஒரு பேச்சுக்குத்தான், வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை இரண்டு மாதம் கொட்டினால் கண்மாய் நிறையும், கொஞ்சம் நெல் நடலாம். மற்றபடி கரிசலில் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி. மழை பொய்த்தால் அந்த வருஷக் கணக்கு அதோடு முடிந்தது. இப்படிப்பட்ட நிலத்தில் வரி என்பது, உள்ளூர் ஆள் மழையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்து வாங்குவதுதான். தேதி போட்ட கடன் பத்திரத்துக்கு அது ஒத்தே வராது.

1771-ல் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் துளஜா ராமநாதபுரத்தின் மீது படையெடுத்தார். உடனே நவாப் பொங்கி எழுந்தார். ராமநாதபுரம் தன் ஆளுகைக்கு உட்பட்டது, அதன்மேல் கை வைக்கத் தஞ்சாவூருக்கு என்ன உரிமை என்பது அவர் வாதம். கம்பெனிப் படையோடு தஞ்சாவூரைச் சுற்றி வளைத்துப் பணம் பெற்றுத் திரும்பினார்.

அடுத்த வருஷமே, தான் காப்பாற்றியதாகச் சொன்ன அதே ராமநாதபுரத்தின் மீது நவாப் படையே பாய்ந்தது. கப்பப் பாக்கி என்பது காரணம். நவாபின் மகன் உம்தத்துல் உமரா ஒருபக்கம், கம்பெனியின் ஜெனரல் ஜோசப் ஸ்மித் ஒருபக்கம். 1772 ஜூன் தொடக்கத்தில் ராமநாதபுரம் கோட்டைச் சுவர் பீரங்கியால் பிளக்கப்பட்டது. அப்போது சேதுபதி பட்டத்தில் இருந்தவர் முத்துராமலிங்க சேதுபதி. வயது சுமார் 12. ஆட்சியைக் கவனித்துவந்தவர் அவருடைய தாயார் முத்து திருவாயி நாச்சியார். அம்மாவும் பிள்ளையும் கைதாகித் திருச்சிக் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

எந்தத் திருச்சிக் கோட்டை? இருபது வருஷம் முன்னால், சுற்றி வளைக்கப்பட்டு உயிருக்குப் பயந்து முகமது அலி உட்கார்ந்திருந்தாரே, அதே கோட்டைதான்.

அதே மாதம் 25-ம் தேதி காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் சுட்டுக் கொல்லப்பட்டார். வேலு நாச்சியார் தப்பி விருப்பாச்சிக்குப் போய், ஹைதர் அலியின் ஆதரவைத் திரட்டி 1780-ல் சீமையை மீட்டது தனிப் பெருங்கதை. 1773-ல் தஞ்சாவூரும் முழுசாக நவாபிடம் விழுந்தது. ஆக, மூன்றே வருஷத்தில் மூன்று சீமைகள். சேப்பாக்கத்தில் தன்கா எழுத மை போதாத காலம் அது.

ராமநாதபுரம் சீமை அதன்பிறகு சுமார் எட்டு வருஷம் நவாபின் ஆட்கள் கையில். சேதுபதியிடம் போய் இந்த வருஷம் மழை இல்லை என்று முறையிட்டுப் பழகிய குடியானவர்களுக்கு, இனி முறையிட வேண்டிய இடம் கண்ணுக்கே தெரியாத கடற்கரை அரண்மனை. அதற்கும் பின்னால் முகம் தெரியாத கடன்காரர்கள்.

லண்டன் வரை போன நவாப்

நவாப் முட்டாள் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். மதராஸ் கவர்னர்களுக்கு மேலே லண்டனில் ஆள் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட முதல் இந்திய ஆட்சியாளர்களில் அவரும் ஒருவர். ஜான் மாக்பெர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரைத் தன் ஏஜென்டாக லண்டனுக்கு அனுப்பினார். அந்த மாக்பெர்சன் பின்னாளில் தற்காலிக கவர்னர் ஜெனரலாகவே ஆனார். அடுத்து ஏஜென்டானவர் ஜேம்ஸ் மாக்பெர்சன், பழங்காலக் கவிஞன் ஓசியன் பெயரில் கவிதைகளை வெளியிட்டு ஐரோப்பாவையே கலக்கியவர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. நவாபின் கடன்காரர்கள் சம்பாதித்த பணத்தில் எம்.பி. சீட்டுகளை வாங்கினார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காடு கோஷ்டி என்றே ஒன்று உருவானது. இன்றைய மொழியில் சொன்னால் லாபி.

ராணி சார்லட்டுக்கு ஐந்து வைரங்களைப் பரிசாக அனுப்பினார். ஆற்காடு வைரங்கள் என்ற பெயரில் அவை இன்றும் நகை உலகில் பேசப்படுகின்றன. டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் போன்ற ஓவியர்களிடம் தன்னை ஆளுயர ஓவியமாக வரையச் சொன்னார். வெள்ளை மஸ்லின் அங்கி, முத்துமாலைகள், கையில் வாள். ராஜாவுக்கு ராஜா சமம் என்ற தோரணை ஓவியத்தில் தெரியும். பக்கத்து மேஜையில் கடன் பத்திரம் எதையும் வரையவில்லை, பாவம்.

தன் பக்தியிலும் கொடையிலும் அவர் குறை வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மெக்கா யாத்திரிகர்களுக்கு உதவினார். லக்னோவைச் சேர்ந்த பெரிய அறிஞர் அப்துல் அலி பஹ்ருல் உலூமை மதராஸுக்கு வரவழைத்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795-ல் அந்தக் குடும்பம் எழுப்பியது. அதில் உள்ள பாரசீகக் கல்வெட்டை எழுதியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து.

கவர்னரையே கைது செய்த கடன்

1775-ல் கம்பெனியின் லண்டன் தலைமை, தஞ்சாவூரை துளஜாவிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி லார்ட் பிகாட்டைக் கவர்னராக அனுப்பியது. பிகாட் சொன்னபடி செய்தார். அங்கேதான் வந்தது சிக்கல். தஞ்சாவூர் விளைச்சலின் மீது எழுதிய தன்காக்கள் என்னாவது? பென்ஃபீல்டு கணக்கை நீட்டினார். பிகாட் ஒப்புக்கொள்ளவில்லை. கவுன்சிலில் பெரும்பான்மை பென்ஃபீல்டு பக்கம். 1776 ஆகஸ்ட் 24-ம் தேதி ராத்திரி கவர்னரையே கைது செய்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், காவலில் இருந்தபடியே பிகாட் இறந்துபோனார். மதராஸின் கவர்னர் ஒருவர், நவாபின் கடன் கணக்கில் சிக்கிச் செத்தார் என்பது அன்று லண்டனையே உலுக்கிய செய்தி.

1780-ல் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகத்துக்குள் இறங்கினார். ஊர்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது, மதராஸ் தெருக்களிலேயே மக்கள் பட்டினியால் விழுந்தார்கள். போர் நெருக்கடியில்தான் ராமநாதபுரத்துக்கு விமோசனம் பிறந்தது. தெற்கே கலகத்தைச் சமாளிக்க முடியாத நவாப், முத்துராமலிங்க சேதுபதியைச் சிறையில் இருந்து விடுவித்து 1781-ஐ ஒட்டி மீண்டும் பட்டத்தில் உட்காரவைத்தார். போகும்போது சிறுவன், திரும்பும்போது இருபது தாண்டிய இளைஞர்.

அதே 1781 டிசம்பரில் நவாப் தன் மொத்த வருவாயையும் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. அவர் செலவுக்கு ஆறில் ஒரு பங்கு. 1785-ல் வசூல் உரிமை திரும்பக் கிடைத்தது, கடனும் கூடவே உறுதியானது. லண்டன் அரசு எந்த விசாரணையும் இல்லாமல் தனியார் கடன்கள் அத்தனையையும் செல்லும் என்று ஏற்று, ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கட்டச் சொன்னது. அந்த வருஷம் பிப்ரவரி 28-ம் தேதி எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து, இந்தக் கடன்களில் பெரும்பகுதி போலி, கட்டப்போவது பசியில் கிடக்கும் குடியானவன் என்ற வாதத்தை மணிக்கணக்கில் வைத்தார். ஓட்டெடுப்பில் தோற்றார்.

பர்க் சொன்னது சரிதானா? பின்னாளில் விடை கிடைத்தது. நவாப் குடும்பத்தின் கடன்களை ஆராய 1805-ல் ஓர் ஆணையம் அமைந்தது. கோடிக்கணக்கான பவுண்டுக்குக் கோரிக்கைகள் வந்து குவிந்தன. வருஷக்கணக்கில் தோண்டித் துருவியதில், பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடனாகத் தேறவில்லை.

1795: ஒரே வருஷத்தில் இரண்டு முடிவுகள்

1792 ஒப்பந்தப்படி, பாளையக்காரர்களிடமும் சேதுபதியிடமும் கப்பம் வசூலிக்கும் வேலையைக் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொண்டது. பேர் நவாபுக்கு, பணப்பெட்டி கம்பெனிக்கு. கட்டபொம்மனிடம் ஜாக்சன் துரை வரிப் பாக்கி கேட்டு வந்து நின்றது இந்த ஒப்பந்தத்தின் பலத்தில்தான். 1798-ல் அந்தச் சந்திப்பு நடந்ததும் சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனையில்தான்.

அதற்கு முன்பே அங்கே சேதுபதி இல்லை. கப்பம், சுங்கம், நெசவாளரிடம் துணிக் கொள்முதல் என்று பல விஷயங்களில் கம்பெனியோடு மோதிய முத்துராமலிங்க சேதுபதி 1795 பிப்ரவரியில் பதவி பறிக்கப்பட்டு மறுபடியும் சிறைக்குப் போனார். இந்த முறை திரும்பி வரவே இல்லை.

அதே வருஷம் அக்டோபர் 13-ம் தேதி நவாப் முகமது அலி வாலாஜா சென்னையில் காலமானார். வயது 78. நாற்பத்தாறு வருஷம் நவாப். திருச்சியில் நத்தர்வலி தர்கா வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரை ஓட ஓட விரட்டிய சந்தா சாகிபின் சமாதி இருப்பதும் அங்கேதான்.

மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் இறந்ததும், அப்பாவும் மகனும் திப்பு சுல்தானோடு ரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்கள் என்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த காகிதங்களைக் காட்டி, கம்பெனி மொத்த கர்நாடகத்தையும் தனதாக்கிக்கொண்டது. அடுத்து வந்த நவாபுக்குப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டும்.

சேதுபதி சீமையில் கோபம் அடங்கவில்லை. 1799-ல் மயிலப்பன் சேர்வை தலைமையில் கமுதி, முதுகுளத்தூர், அபிராமம் கம்பெனிக் கச்சேரிகள் தாக்கப்பட்டன. எல்லாம் திருச்சுழிக்கு எட்டும் தூரத்து ஊர்கள். அந்தக் கிளர்ச்சியும் ஒடுக்கப்பட்டது. 1803-ல் ராமநாதபுரம், சேதுபதியின் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியார் பெயரில் ஜமீன் ஆகச் சுருங்கியது. முத்துராமலிங்க சேதுபதி 1809-ல் சென்னைக் கோட்டைச் சிறையில் இறந்தார். அந்தக் கோட்டைக்கும் சேப்பாக்கம் அரண்மனைக்கும் நடுவில் கூவம் ஆறும் கொஞ்ச தூரச் சாலையும்தான்.

அரண்மனை இப்போது யாரிடம்?

1855-ல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்தார். பட்டம் ஒழிக்கப்பட்டது. அரண்மனை? ஏலம்! கடனை அடைக்க என்று சொல்லி ஏலம் விட்டு, அரசாங்கமே வாங்கிக்கொண்டது. நவாப் வம்சத்துக்குப் பிறகு ஆற்காடு இளவரசர் என்ற பட்டம் தரப்பட்டது. அவர்களின் வசிப்பிடம் ராயப்பேட்டை அமீர் மகால்.

இரண்டு மகால்களுக்கும் நடுவே உள்ள கோபுரம் நவாப் கட்டியதல்ல. பின்னாளில் ராபர்ட் சிஸ்ஹோம் என்ற கட்டடக்கலைஞர் சேர்த்தது. 2012 ஜனவரி 16-ம் தேதி அதிகாலைத் தீயில் கலச மகால் கருகிக் கூரை இடிந்தது. இடித்துத் தள்ளிவிடுவார்களோ என்ற பேச்சுக்கு நடுவே, பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்தில் பொதுப்பணித் துறையே மீட்டுக் கட்டியது. இப்போது அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. அதனால் டிக்கெட் எடுத்து உள்ளே சுற்றும் அரண்மனை என்று நினைத்துப் போக வேண்டாம். வாலாஜா சாலைப் பக்கம் இருந்தும் கடற்கரைச் சாலைப் பக்கம் இருந்தும் வெளித்தோற்றத்தைப் பார்க்கலாம். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். சாயங்கால வெயில் சிவப்புச் சுவரில் விழும் நேரம் படம் எடுக்க நல்லது.

மரங்களுக்கும் புதுக் கட்டடங்களுக்கும் பின்னால் அரண்மனை ஒளிந்துகொண்டிருப்பது முதலில் ஏமாற்றமாக இருக்கும். 117 ஏக்கர் வளாகத்தை அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக நிரப்பிவிட்டன. எழிலகம் அங்கேதான். நில நிர்வாகம், வருவாய், வேளாண்மை, நீர்வளம் என்று மாவட்டங்களில் இருந்து கோப்புகள் வந்து சேரும் அலுவலகங்கள் இந்தச் சேப்பாக்கம் வளாகத்தைச் சுற்றியே இருக்கின்றன. திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்துப் பயிர் கருகினால் வறட்சி நிவாரணத்துக்கான அறிக்கை, கண்மாய் மடை உடைந்தால் அதைச் சீரமைப்பதற்கான மதிப்பீடு, தாலுகா ஆபீஸில் தொடங்கி, விருதுநகர் கலெக்டர் அலுவலகம் வழியாக, கடைசியில் நவாபின் பழைய தோட்டத்துக்குத்தான் வந்து சேர்கிறது.